உழவு யந்திரத்தின் சில்லுகளும் பட்டிகளும்

பெரும்போக மழை தொடங்கியதும் வயல்வெளிகளில் அடிக்கடி காணப்படும் காட்சி ஒன்றுண்டு. உழவு யந்திரம் முழுவேகத்தில் இரைகின்றது, கரும்புகை எழுகின்றது, சில்லுகள் சுழல்கின்றன, யந்திரமோ நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. யந்திரத்தின் வலு போதாது என்று கமக்காரர் எண்ணுவர். பெரும்பாலும் குறை வலுவில் இல்லை, சில்லிலேயே உள்ளது. யந்திரத்தின் பரிவலு எவ்வளவாயினும், சில்லு மண்ணைப் பற்றுமளவே அதனால் வேலை செய்ய முடியும். ஆதலின் மண்ணுக்கு ஏற்ற சில்லைத் தெரிவதும் அதனைப் பேணுவதும் எண்ணெய்ச் செலவைக் குறைத்து, விதைப்புக் காலம் தவறாமலும் காக்கும்.

வழுக்கலை அளக்கும் முறை

சில்லு சுழலும் தூரத்துக்கும் யந்திரம் உண்மையில் நகரும் தூரத்துக்கும் உள்ள வேறுபாடே வழுக்கல் எனப்படும். இதனைக் கமக்காரர் தாமே அளந்தறியலாம். ரயரின் பக்கத்தில் சுண்ணாம்பினால் ஒரு கோடு இடுக. கலப்பையை மண்ணில் இறக்காமல் யந்திரத்தைச் செலுத்தி, சில்லு 10 முறை சுற்றும்போது கடந்த தூரத்தை அளந்து குறித்துக் கொள்க. பின்னர் அதே நிலத்தில் கலப்பையை இறக்கி உழுது, மீண்டும் 10 சுற்றுக்கு அளக்க. முதலில் 20 மீற்றரும் பின்னர் 17 மீற்றரும் வருமாயின் வழுக்கல் நூற்றுக்கு 15 ஆகும். உலர்ந்த நிலத்தில் இந்த அளவுவரை ஏற்கத்தக்கது. இரண்டாவது தூரம் 14 மீற்றராகக் குறையுமாயின் வழுக்கல் நூற்றுக்கு 30 ஆகும். சில்லின் சுழற்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகின்றது என்பது இதன் பொருள். சேற்றுழவில் சில்லு மண்ணைக் கலக்குவதும் வேலையின் ஒரு பகுதியாதலால், அங்கே வழுக்கல் இதனினும் கூடுதலாக இருப்பது இயல்பே.

றப்பர் ரயர்கள்

ரயரிலுள்ள உயர்ந்த வரிப்பற்களே மண்ணைப் பற்றுகின்றன. இவை தேய்ந்து மழுங்கிய ரயர் வீதியில் பெட்டி இழுக்க உதவலாம், வயலுக்கு உதவாது. வரிப்பற்கள் அம்புத்தலை வடிவில் அமைந்துள்ளன. ரயரை மாட்டும்போது, அதன் மேல் உச்சியில் அம்பின் கூர் முன்னோக்கி இருத்தல் வேண்டும். அவ்வாறு மாட்டினால் பற்களிடையே சிக்கும் சேறு சுழலும்போது வெளியே தள்ளப்படும். மாறி மாட்டினால் சேறு அடைபட்டு, ரயர் வழுவழுப்பான உருளை போலாகிவிடும். ரயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் அம்புக்குறியும் சுழலும் திசையைக் காட்டும்.

காற்றின் அளவு மிக முக்கியமானது. காற்று மிகுந்தால் ரயரின் நடுப்பகுதி மட்டும் நிலத்தில் படும், பிடிப்புக் குறையும், மண் இறுகும். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கங்கள் மடிந்து வெடிக்கும். ரியூப்பின் வால்வும் அறுந்துபோகலாம். நாலு சில்லு யந்திரத்தின் பின் ரயர்களுக்கு வயல் வேலையில் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 16 இறாத்தல் வரை போதுமாயினும், அந்தந்த யந்திரத்தின் கைநூலில் தரப்பட்ட அளவையே பின்பற்றுதல் வேண்டும். பாரம் ஏற்றி வீதியில் செல்லும் முன் அதற்குரிய கூடிய அளவுக்குக் காற்று நிரப்புக. அளவு பார்க்கும் கருவி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல் நன்று. காலால் உதைத்துப் பார்ப்பது அளவாகாது.

பாரம் எங்கே நன்மை, எங்கே தீமை

மேட்டு நிலத்தில், சிறப்பாகக் காய்ந்த தோட்டத் தரையை உழும்போது, சில்லின் மேல் பாரம் கூடுவது பிடிப்பைக் கூட்டும். இதற்காக நாலு சில்லு யந்திரத்தின் பின் ரியூப்களில் முக்காற் பங்கு நீர் நிரப்புவதுண்டு. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ பாரம் தருமாதலால் இது மலிவான முறையாகும். முன்புறம் இலேசாகிச் சில்லுகள் நிலத்தை விட்டு எழுமாயின் முன்புறப் பாரக் கட்டிகளைப் பூட்டுதல் வேண்டும்.

நெல்வயலிலோ இது தலைகீழாகும். பல்லாண்டு சேற்றுழவினால் வயலின் அடியில், ஏறக்குறைய 15 முதல் 25 சென்ரிமீற்றர் ஆழத்தில், இறுகிய படை ஒன்று உண்டாகியிருக்கும். நீர் கீழே வடிந்து போகாமல் காப்பதும் யந்திரத்தைத் தாங்குவதும் இப்படையே. பாரமான யந்திரம் இதனை உடைத்து உள்ளே இறங்கினால், அந்த இடம் ஆண்டுதோறும் புதைகுழியாகவே இருக்கும். கட்டிய நீரும் நில்லாது. எனவே சேற்று வேலைக்கு முன் ரியூப்பிலுள்ள நீரை வெளியேற்றி, பாரக் கட்டிகளையும் கழற்றிவிடுதல் வேண்டும்.

இரும்புச் சில்லுகள்

சேற்றில் தேவைப்படுவது பாரமன்று, அகலமே. அதற்காகவே இரும்புச் சலாகைகளாலான கூட்டுச் சில்லுகள் ஏற்பட்டன. லான்ட்மாஸ்டர் எனக் கமக்காரர் அழைக்கும் இரு சில்லு யந்திரத்தில் ரயர்களைக் கழற்றி இவற்றைப் பூட்டலாம். நாலு சில்லு யந்திரத்தில் ரயரின் வெளிப்புறமாக இவற்றை இணைப்பர். பாரம் அகன்ற பரப்பில் பரவுவதால் யந்திரம் குறைவாகவே புதையும். அதே வேளையில் சலாகைகள் கட்டிகளை உடைத்து, களைகளைச் சேற்றில் அமிழ்த்தும்.

முருங்கன் பகுதியிலுள்ளது போன்ற கரிய களிமண்ணில், சலாகைகள் நெருக்கமாக உள்ள சில்லு களியால் அடைபட்டுவிடும். அங்கே இடைவெளி கூடியதே நன்று. சலாகைகள் சரிவாக ஒட்டப்பட்ட சில்லுகளில் இடம் வலம் மாறாமல் பூட்டுக. பூட்டு ஆணிகளை முதல் ஒரு மணி நேர வேலையின் பின்னும், அதன்பின் நாள்தோறும் இறுக்குதல் வேண்டும். இரும்புச் சில்லுடன் தார் வீதியில் செல்லலாகாது. வீதி உடைவதுடன் சில்லின் அச்சும் பல்லிணைகளும் பழுதடையும்.

றப்பர்ப் பட்டிகள்

அறுவடை யந்திரங்கள் பலவற்றில் சில்லுகளுக்குப் பதிலாக றப்பர்ப் பட்டிகள் உள்ளன. 2,500 கிலோ நிறையுள்ள யந்திரம் ஒன்றின் இரு பட்டிகளும் தனித்தனி 40 சென்ரிமீற்றர் அகலமும், நிலத்தில் படும் 150 சென்ரிமீற்றர் நீளமும் உடையனவாயின், ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் பாரம் 210 கிராம் அளவே. வரம்பில் நிற்கும் மனிதனின் பாதமும் ஏறக்குறைய அவ்வளவே அழுத்துகின்றது. ஈர வயலிலும் இந்த யந்திரம் நடமாடுவதன் காரணம் இதுவே.

பட்டியின் உள்ளே உருக்குக் கம்பிகள் உள்ளன. கருங்கல், கொங்கிறீற்றுத் தரை ஆகியவற்றில் ஒரே இடத்தில் நின்று திருப்பினால் றப்பர் கிழியும். கிழிந்த வழியே நீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். பின்னர் பட்டி திடீரென அறும். பட்டி தளர்ந்தால் பற்சில்லிலிருந்து கழன்றுவிடும். மிக இறுகினால் உருளைகளும் போளைகளும் தேயும். கைநூலிற் கூறியபடி தளர்வை அளந்து சரிசெய்க. வைக்கோலும் சேறும் உருளைகளிடையே காய்ந்து இறுகுமுன் அன்றன்றே கழுவுதல் வேண்டும்.

புதைந்த யந்திரத்தை மீட்டல்

யந்திரம் புதைந்துவிட்டால் வேகத்தைக் கூட்டுவது அதனை மேலும் ஆழத்தில் இறக்கும். உடனே நிறுத்தி, கருவிகளைக் கழற்றி, சில்லின் முன்னும் பின்னுமுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றி, பின்னோக்கி மெல்ல எடுக்க முயல்க. முடியாவிடின் வேறொரு யந்திரத்தால் இழுப்பிக்க. பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்குற்றியைக் கட்டி வெளியேற முயலும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. குற்றி நிலத்தில் ஊன்றியதும் சில்லு சுழல முடியாமல் நிற்க, யந்திரத்தின் முன்புறம் மேலெழுந்து, சாரதி குதித்துத் தப்புவதற்குள் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். சங்கிலியை இழுவைச் சட்டத்துக்கு மேலே கட்டி இழுப்பதாலும் இவ்விபத்து நேரும். வரம்பைக் கடக்கும்போது அதனை வெட்டித் தாழ்த்தி, நேராகவும் மெதுவாகவும் செல்க.

நாளாந்தப் பராமரிப்பு

வேலை முடிந்ததும் யந்திரத்தை நிறுத்திய பின்னரே சில்லுகளைக் கழுவுக. ஒரு வயலின் சேற்றுடன் அடுத்த வயலுக்குச் செல்லும் சில்லு, களைநெல் விதையையும் கோரைக் கிழங்கையும் காவிச் செல்லும். தோட்ட நிலங்களில் தக்காளி, கத்தரி ஆகியவற்றைத் தாக்கும் பற்றீரியா வாடல் நோயும், வட்டப்புழுவும் மண்ணுடன் பரவுவன. கூலிக்கு வரும் யந்திரத்தை வயலுள் விடுமுன் கழுவச் சொல்வது கமக்காரரின் உரிமையாகும்.

அச்சில் சுற்றிய வைக்கோலையும் நூலையும் அன்றே வெட்டி எடுக்க. அவை அச்சின் எண்ணெய்க் காப்பு வளையத்தை அறுத்தால் சேற்று நீர் பல்லிணைப் பெட்டியுள் புகும். உள்ளிருக்கும் எண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின் நீர் புகுந்துள்ளது என அறிந்து, வளையத்தையும் எண்ணெயையும் தாமதமின்றி மாற்றுக.

போகம் முடிந்ததும் இரும்புச் சில்லுகளைக் கழுவி, உலர்த்தி, பழைய எண்ணெய் பூசி வைக்க. றப்பருக்கு எண்ணெய், டீசல், வெயில் மூன்றும் பகையாகும். யந்திரத்தை நிழலில், கட்டைகளின் மேல் உயர்த்தி நிறுத்தி, பசளைப் பைகளை அதன் அருகே வைக்காது காக்க. மழைக்கு முந்திய வாரத்தில் காற்று, ஆணிகள், பட்டி, எண்ணெய் ஆகிய நான்கையும் பார்த்து வைத்திருக்கும் கமக்காரர், முதல் மழையின் ஈரத்தை இழக்கமாட்டார்.