பாசிக் காட்டில் தொலைந்த படங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலுக்கு அருகே ஒலிம்பிக் தேசியப் பூங்கா இருக்கிறது. அதில் ஹோ ஆற்றோரக் காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 அங்குல மழை! மேப்பிள் கிளைகளில் பாசி தாடி தாடியாகத் தொங்கும். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு, கேமராவுடன் கிளம்பினேன்.

முதலில் எடுத்த படங்கள் எல்லாம் சொதப்பல். ஈர இலைகள் வெள்ளையாக மின்னின. லென்ஸில் போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருகியதும் மினுமினுப்பு போய்ப் பச்சை வந்தது. ஆனால் இந்த ஃபில்டர் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். காட்டுக்குள் ஏற்கனவே இருட்டு. ஷட்டரை 1 விநாடி வரை திறந்து வைக்க வேண்டியிருந்தது. எனவே டிரைபாட் இல்லாமல் போகாதீர்கள். வெயிலைவிட மேகமூட்டமே நல்லது. இலை இடுக்கில் விழும் வெயில் திட்டுகள் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். ரா ஃபார்மட்டில் எடுத்தால், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செய்யும் நிறக் குளறுபடியை வீட்டுக்கு வந்து திருத்தலாம்.

ஆற்று நீர் பால் கலந்தாற்போல் இருந்தது. பனியாறு அரைத்த பாறைப்பொடிதான் காரணம். பாதையோரம் விழுந்து கிடந்த மரத்தின் மேல் வரிசையாகக் கன்றுகள் முளைத்திருந்தன. "செத்த மரம் பிள்ளை வளர்க்குதுடா" என்றார் அப்பா. அவரை அதன் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தேன்.

அன்றிரவு படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு கார்டை ஃபார்மட் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, படங்கள் 9999ஐத் தாண்டியதும் கேமரா புது ஃபோல்டர் திறந்திருக்கிறது. நான் காப்பி செய்தது பழைய ஃபோல்டரை மட்டும்! மறுநாள் அப்பாவுக்கு விமானம்.

பதறாதீர்கள். சாதாரண ஃபார்மட்டில் பெரும்பாலும் அட்டவணைதான் அழியும். படங்களின் டேட்டா கார்டிலேயே இருக்கும். அதன் மேல் புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, கார்டைத் தேடச் சொன்னேன். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் உள்ள அடையாளத்தை வைத்து அது கண்டுபிடிக்கிறது. மீட்ட கோப்புகளை அதே கார்டில் சேமிக்காமல் ஹார்டு டிஸ்கில் சேமியுங்கள்.

பழைய கோப்புப் பெயர்கள் போய்விட்டன. சில படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அப்பாவும் மரமும் முழுதாக வந்தார்கள். விடிவதற்குள் அதை ஒரு சிடியில் எழுதி அவர் பெட்டியில் வைத்துவிட்டேன்.