ரிப்பேர் செய்த வண்டி மறுபடி நின்றால்

ஆயில் மாற்றி வாங்கிய மறுநாள் கார் நெடுஞ்சாலையில் நிற்கிறது. டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது. குனிந்து பார்த்தால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. டிரெய்ன் போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறது, அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் திருகி அனுப்பியிருக்கிறார்கள். பட்டறைக்கு போன் செய்தால், "நான் விடும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு, எங்கயாவது கல்லுல இடிச்சிருப்பீங்க" என்று பதில் வருகிறது.

கோபத்தில் பலரும் அடுத்துச் செய்வது ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போய் வேலையை முடித்துவிட்டு, அந்தப் பில்லோடு முதல் பட்டறைக்குச் சண்டைக்குப் போகிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது. இரண்டாவது மெக்கானிக் போல்ட்டைக் கழற்றிய நொடியிலேயே சாட்சி போய்விடுகிறது. சேவையில் குறை இருந்தது என்பதைப் புகார் செய்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சட்டம் நம் பக்கம் இருந்தும் ஆதாரம் இல்லாமல் தோற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயில் விளக்கு எரிந்ததும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். "பக்கத்துலதான் வீடு" என்று மேலும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகும். அதன்பின் எதிர்த்தரப்பு அந்த நாலு கிலோமீட்டரைத்தான் பிடித்துக்கொள்ளும். டெம்பரேச்சர் முள் ஏறினாலும் பிரேக் இறங்கினாலும் இதே கதைதான். வண்டி நின்ற இடத்திலேயே போட்டோவும் வீடியோவும் எடுங்கள்: தரையில் உள்ள ஆயில், போல்ட் இருக்கும் நிலை, கிலோமீட்டர் மீட்டர், நம்பர் பிளேட். டோ வண்டிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். பிரேக் பழுது என்றால் வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

முதல் வாய்ப்பை அதே பட்டறைக்குக் கொடுப்பதுதான் முறை. சிறிய பட்டறைக்காரர்களில் பலர் மரியாதையாகக் கேட்டால் கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுப்பார்கள். எல்லாப் பழுதும் அவர்கள் செய்ததும் அல்ல. பன்னிரண்டு வருடம் ஓடிய காரில் கிளட்ச் மாற்றிய வாரத்தில் ஆல்டர்னேட்டர் போனால் மெக்கானிக் என்ன செய்வார்? தொட்ட வேலைக்கும் வந்த பழுதுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

அவர் மறுத்தால் அதை எழுத்தில் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, ஸ்பீடு போஸ்ட்டிலும் ஒரு கடிதம் போக வேண்டும். அது நீளமாக இருக்கத் தேவையில்லை: "இந்தத் தேதியில், இந்த நம்பர் வண்டிக்கு, இத்தனை கிலோமீட்டரில் ஆயில் சர்வீஸ் செய்தீர்கள். பில் நகல் இணைத்துள்ளேன். மறுநாள் டிரெய்ன் போல்ட் வழியாக ஆயில் ஒழுகி வண்டி நின்றது. வண்டி இப்போது இந்த இடத்தில் இருக்கிறது. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து பார்த்துச் சரிசெய்து தாருங்கள். வராவிட்டால் வேறு இடத்தில் பிரித்துப் பார்த்து, ஆகும் செலவை உங்களிடம் கோருவேன்." இப்படிக் கூப்பிட்டும் வராதவர், "என்னைக் கேக்காமப் பிரிச்சிட்டாங்க" என்று பிறகு சொல்வது எடுபடாது.

கெடு முடிந்த பிறகு இரண்டாவது பட்டறையில் பிரிக்கும்போது முழுவதையும் வீடியோ எடுங்கள். வண்டி நம்பர், கிலோமீட்டர், என்ன கண்டார், எதனால் ஆனது என்று அந்த மெக்கானிக்கிடம் சீலும் கையெழுத்துமாக எழுதி வாங்குங்கள். தொழில் பகையை நினைத்து மெக்கானிக்குகள் பலர் இப்படி எழுதித் தரத் தயங்குவார்கள். பெரிய தொகை என்றால் உரிமம் பெற்ற மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒருவரின் அறிக்கைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கழற்றிய பாகத்தைக் கவரில் போட்டுத் தேதி எழுதி வீட்டில் வையுங்கள்.

கூலித் தகராறில் வண்டியை விடமாட்டேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளில் வேலை செய்தவர் உரிய கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம். அதனால் வாசலில் நின்று கத்திப் பயனில்லை. "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிப் பணம் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு பிறகு வழக்காடுவதே நல்லது.

பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. "பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துடும்ணே" என்ற பேச்சுக்கு மயங்கினால் நஷ்டம் நமக்குத்தான். சின்னப் பட்டறையில் அச்சடித்த பில் கிடைக்காவிட்டால், ஜிபே குறிப்பில் வண்டி நம்பரையும் வேலையையும் எழுதி அனுப்புங்கள். பணம் கொடுத்ததற்கு அதுவும் ஆதாரம். வேலைக்கு விடும்போதே எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் புதிய பாகம் வந்த அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். போலி உதிரிபாகங்கள் புழங்கும் சந்தையில் அந்தப் பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் விலையும் பிறகு உதவும்.

புகாரின் முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அவர்களால் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய சர்வீஸ் சென்டர்கள் இதற்கு இறங்கி வருவதுண்டு.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, ரிப்பேர் வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். வழியில் நின்றது வேலூரில், பட்டறை இருப்பது சென்னையில், நீங்கள் இருப்பது மதுரையில் என்றாலும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரில் புகார் செய்யும் உரிமையை 2019 சட்டம் தந்தது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

வாடகை கார் ஓட்டுபவர்கள் "நாம வியாபாரம்தானே பண்றோம்" என்று ஒதுங்க வேண்டாம். பிழைப்புக்காக ஒருவர் வாங்கித் தானே ஓட்டும் ஆட்டோவையும் டாக்சியையும் வணிக நோக்கமாக எண்ணக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ஆட்களை வைத்துப் பத்து வண்டி ஓட்டும் முதலாளியின் நிலை வேறு.

மறுசெலவு, டோ கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். வாய்க்கு வந்தபடி பத்து லட்சம் கேட்பது புகாரின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், தாண்டினால் மேலும் 15 நாள்தான். ஆனால் தீர்ப்புக்குச் சட்டம் சொல்லும் மூன்று மாதத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், பெரும்பாலும் அதைத் தாண்டும். தோற்ற பட்டறைக்காரர் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. மேல்முறையீடு முடியும்வரை அந்த போல்ட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.