இடி கேட்டபின் ஏது கடைசி ஓவர்?

2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஹாக்கி ஆட வந்தவர்கள் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினார்கள். மின்னல் தாக்கி 3 பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் பெரு நாட்டின் சில்காவில் நடுவர் கால்பந்து ஆட்டத்தை நிறுத்தியும் இருந்தார். ஆட்டக்காரர்கள் சாவகாசமாக வெளியே நடந்தபோது ஒருவர் பலியானார். தாமதம்தான் எமன்.

முத்தியால்பேட்டையில் சாயங்காலம் பந்தும் மட்டையுமாகக் கிளம்பும் பையன்களுக்கும் இது பொருந்தும். கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வரும் ஊர் புதுச்சேரி. “இந்த ஓவர் முடியட்டும்டா” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். இடியோசை 1 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 வினாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடித்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் திடலிலேயே விழலாம். எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடி காதில் விழுந்தாலே கிளம்பிவிடலாம். மழை விட்டதும் இறங்கிவிடக் கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுக்க வேண்டும்.

ஒதுங்க ஏற்றது நல்ல கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். மரத்தடியும் திறந்த தகரக் கொட்டகையும் நனையாமல் காக்கும், அவ்வளவுதான்.

அடிபட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்குமென்று பலர் தள்ளி நிற்கிறார்கள். உடலில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நடுநெஞ்சில் இரு கைகளாலும் வேகமாக அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் வெட்டினால் எச்சரிக்கும். ஸ்கோர் எழுதுபவரின் போனில் அது இருந்தால் போதும்.