தூண்டில் ஈக்கு ஏற்ற இறகும் மயிரும்

மலையோடைகளில் வாழும் டிரவுட் மீனின் உணவில் நீர்ப்பூச்சிகளுக்கு முதன்மையான இடம் உண்டு. அப்பூச்சிகளைப் போலத் தோன்றுமாறு, தூண்டில் முள்ளின்மீது இறகையும் மயிரையும் நூலால் கட்டிச் செய்யப்படும் பொருளே செயற்கை ஈ எனப்படும். இக்கலை மிகத் தொன்மையானது. ஏறத்தாழ கி.பி. 200-இல் வாழ்ந்த ஈலியன் என்னும் ரோமானிய ஆசிரியர், மாசிடோனிய மக்கள் முள்ளின்மீது செந்நிறக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடியருகே வளரும் இறகுகள் இரண்டை அதனுடன் இணைத்து மீன் பிடித்ததைக் குறிப்பிட்டுள்ளார். இந்தியாவில் இதன் வரலாறு அண்மைக் காலத்தது. 1900-இல் காஷ்மீரத்திற்குப் பிரிட்டனிலிருந்து பழுப்பு டிரவுட் மீனின் முட்டைகள் கொணரப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளிலும் வானவில் டிரவுட் நிலைபெற்றது. மீனுடன் தூண்டில் ஈயும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

மிதவை ஈயும் அமிழ் ஈயும்

செயற்கை ஈக்கள் இருவகைப்படும். நீரின் மேற்பரப்பில் மிதப்பது மிதவை ஈ; நீருக்குள் ஆழ்ந்து செல்வது அமிழ் ஈ. இவ்விரண்டில் அமிழ் ஈயே பழமையானது. முட்டையிட நீருள் இறங்கும் பூச்சி, இளமைப் பருவம் நீங்கி மேலே எழும் பூச்சி, மூழ்கி இறந்த பூச்சி ஆகியவற்றை அது ஒத்திருக்கும்.

இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை இறகின் அமைப்பே. இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் கிளைக்கின்றன. ஒவ்வோர் இழையிலிருந்தும் நுண்ணிழைகள் பல கிளைக்கின்றன. நன்கு வளர்ந்த சேவலின் நீண்ட இறகில் இழைகள் விறைப்பாகவும், நுண்ணிழைகள் குறைவாகவும் இருத்தலால் அது நீரை எளிதில் ஏற்பதில்லை. எனவே அது மிதவை ஈக்கு ஏற்றது. பெட்டைக்கோழியின் கழுத்திறகிலோ இழைகள் மென்மையானவை; நுண்ணிழைகள் செறிந்தவை. அவை நீரை ஏற்று, ஓட்டத்தின் போக்கில் நெகிழ்ந்து அசைகின்றன. அவ்வசைவு பூச்சியின் கால்கள் இயங்குவது போன்ற தோற்றத்தைத் தருகிறது. ஆகவே அமிழ் ஈக்கான இறகில் நாடவேண்டிய பண்புகள் நெகிழ்வும் நீரேற்கும் தன்மையும் ஆகும்.

உடற்பகுதிக்கு மயிர் பயன்படுகிறது. முயலின் தோலில் நீண்டு விறைத்த மேல்மயிரும், அதன்கீழ் மென்மையான அடிமயிரும் உண்டு. இரண்டையும் கலந்து, மெழுகு பூசிய நூலில் முறுக்கிச் சுற்றுவர். அடிமயிர் நீரை உட்கொள்கிறது. மேல்மயிர் சிறு கால்களைப் போல வெளியே நீட்டி நிற்கிறது. பிரிட்டிஷ் மரபில் முயலின் காது மயிரும் கௌதாரியின் புள்ளியிறகும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றன.

காட்டுக்கோழியின் கழுத்திறகு

தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி இவ்வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதன் சேவலுடைய கழுத்திறகின் நுனியில் தண்டு தட்டையாக விரிந்து, மெழுகு பூசியது போன்ற மஞ்சள் தகடாக அமைந்துள்ளது. ஈயின் பக்கவாட்டில் கட்டினால் அத்தகடு கண்ணைப் போல ஒளிரும். சால்மன் மீனுக்குரிய பகட்டான ஈக்களில் இதற்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. இவ்வொளிமிக்க இறகுகள் ஆண்டு முழுவதும் நிலைப்பதில்லை. இனப்பெருக்கக் காலத்திற்குப் பின் சேவல் அவற்றை உதிர்த்துவிடும். எனவே வாணிகத்தின் வேட்டை, சேவல் முழு அழகுடன் விளங்கும் காலத்தையே நாடியது. கழுத்துத்தோல் ஒவ்வொன்றும் ஓர் உயிரின் விலையாயிற்று.

வளர்ப்புப் பறவைகள் நீங்கலாக ஏனைய பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதை இந்திய அரசாங்கம், சில விலக்குகளுடன், 1902-இல் தடை செய்தது. அதன் பின்னரும் கள்ள வாணிகம் முற்றும் ஒழியவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காட்டுக்கோழி வேட்டை இன்று விலக்கப்பட்டுள்ளது. கௌதாரிக்கும் காட்டு முயலுக்கும் இன்று அச்சட்டத்தின் காப்பு உண்டு. மயிலின் உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கச் சட்டம் இடமளிக்கிறது. ஏற்றுமதிக்கு அனுமதி இல்லை.

அரிய இறகின் மீதுள்ள ஆவல் அறிவியலுக்கும் தீங்கு விளைத்துள்ளது. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள், ஈ கட்டுவோருக்கு விற்கும் பொருட்டுத் திருடப்பட்டன. ஆல்பிரட் ரசல் வாலஸ் திரட்டிய தோல்களும் அவற்றுள் அடங்கும். சிதையாமல் கைப்பற்றப்பட்ட 174 தோல்களுள் 102-இல் மட்டுமே அடையாளச் சீட்டு எஞ்சியிருந்தது. எங்கே, எப்போது கிடைத்தது என்னும் குறிப்பை இழந்த தோல் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயனற்றுப் போகிறது.

எளிய மாற்றுப் பொருள்கள்

மேற்கூறிய இரு பண்புகளும் பண்ணைகளில் கிடைக்கும் இறகுகளிலேயே உள்ளன. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பெட்டைக்கோழியின் கழுத்திறகும் முதுகிறகும் அமிழ் ஈக்கு நன்கு உதவுகின்றன. கௌதாரி இறகுக்கு ஈடாகப் புள்ளிநிறக் கோழியின் இறகும் கினிக்கோழியின் இறகும் அமைகின்றன. காட்டு முயலின் மயிருக்கு மாற்றாக வளர்ப்பு முயலின் மயிரைச் சாயமேற்றிப் பயன்படுத்தலாம். காட்டுக்கோழியின் தகட்டிறகுக்கு ஈடாகக் கோழியிறகில் வண்ணப்பூச்சால் புள்ளியிடும் முறையும் வழக்கில் உண்டு. வாத்தின் இறகு இயல்பாக நீரை விலக்குவது. அதனைச் சோப்பு நீரில் நன்கு கழுவிய பின்னரே அமிழ் ஈக்குக் கொள்ளவேண்டும்.

இறகைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதனை நீரில் நனைத்துக் கிண்ணத்தினுள் மெல்ல இழுத்தால், இழைகள் மடிந்து, மீண்டும் விரியவேண்டும். விறைத்தே நிற்பது மிதவை ஈக்கு உரியது. இழைகள் ஒட்டிக்கொண்டு விரியாதிருப்பின் அவ்விறகு பயன்படாது.

புதிதாகப் பெற்ற இறகை வெந்நீரிலும் சோப்பிலும் அலசி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் இறகையும் மயிரையும் அரித்துவிடும். ஆதலின் உலர்ந்த இறகைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, உறைபெட்டியில் சில நாள்கள் வைத்தெடுத்துப் பின்னர்ச் சேமித்தல் நலம்.

மீனைக் கவர்வதில் மென்மையான இழையின் அசைவுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வசைவைக் கோழிப்பண்ணையில் கழிவாக ஒதுக்கப்படும் இறகே அளிக்க வல்லது. காட்டுப் பறவையின் இறகு காட்டிலேயே, அப்பறவையின் உடலிலேயே இருப்பது தகும்.