தொழுவின் கற்சுவரே சாட்சி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் செல்வோர் ஏலக்காய்த் தோட்டங்களைப் பற்றியே பேசுவர். அத்தோட்டங்கள் தொடங்கும் உயரத்துக்குக் கீழே, புல்லும் புதரும் மண்டிய சரிவுகளில் வேறொரு வாழ்க்கை நெடுங்காலம் நடந்துவந்தது. மலைமாடு வளர்ப்போரின் தொழுக்கள் அங்கேதான் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு, வயது முதிர்ந்த மாடு மேய்ப்பர் ஒருவருடன் அரைநாள் நடந்து அப்படியொரு கைவிடப்பட்ட தொழுவைக் கண்டேன்.

முதற்பார்வைக்கு அது வெறும் கற்குவியல். அருகில் சென்றால்தான் அதன் பின்னுள்ள அறிவு புலப்படும். சுண்ணாம்போ மண்ணோ இடாமல், கல்லின் மேல் கல்லை ஏற்றிக் கட்டிய மார்பளவுச் சுவர். அடியில் பெருங்கற்கள், மேலே செல்லச் செல்லச் சிறியவை, சுவர் சற்றே உட்புறம் சாய்ந்திருக்கிறது. சுவரின் மேல் முள்ளை அடுக்கிவிட்டால் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தடை. வாசலில் துளையிட்ட இரு நெடுங்கற்கள். அத்துளைகளில் மரக்கழிகளைச் செருகினால் அதுவே கதவு. தொழுவின் தரை சரிவாகவே விடப்பட்டிருக்கிறது. மழைநீரும் கோமியமும் கீழ்ப்புற இடுக்கு வழியே வடிந்துவிட, சாணம் மட்டும் தங்கும். மேட்டுப்பக்கம், ஈரம் அண்டாத மூலையில் கன்றுகளுக்குத் தனித் தடுப்பு.

ஒட்டினாற்போல் ஓர் அறை. கூரை போய்விட்டது, மலைப்புல் வேய்ந்திருந்ததாகப் பெரியவர் கூறினார். அதன் வாசல், கண்ணுக்கினிய பள்ளத்தாக்கை நோக்கி வைக்கப்படவில்லை. தொழுவை நோக்கியே வைக்கப்பட்டிருந்தது. "ராத்திரி மாடு மிரண்டா, படுத்த இடத்துல இருந்தே தெரியணும் சார்" என்றார். காரணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கட்டடக் கலைஞரும் கூற முடியாது.

பொருளியல் பயின்றவன் என்பதால் எனக்கு வேறொன்றும் தோன்றியது. மலைமாடு அதிகம் பால் கறப்பதில்லை. கன்றும், உழவுக்கான காளையும், சாணமுமே அதன் வருவாய். பகலெல்லாம் மலைச்சரிவில் மேய்ந்து, உண்ட புல்லை இரவில் ஒரே இடத்தில் எருவாகச் சேர்க்கும் ஏற்பாடுதான் தொழு. அவ்வெரு சமவெளி வயல்களுக்கு மட்டுமன்றி, மலைக்கு அப்பால் கேரளத் தோட்டங்களுக்கும் விலைக்குப் போனது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் போடியில், ஏலக்காயின் விலை ஒவ்வொரு ரூபாயாகக் கணக்கிடப்படுகிறது; அதற்கு உரமூட்டிய தொழுவுக்கோ எந்தக் கணக்கிலும் இடமில்லை.

இம்மாவட்டத்தில் கால்நடையின் தொன்மைக்குச் சான்றுகள் குறைவல்ல. வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடல் என்னும் ஊரின் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், மாண்டவனுக்கு எடுக்கப்பட்டது. அவ்வூர் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராக இருக்கலாம் எனக் கருதுவோர் உண்டு. மேகமலை அடிவாரத்துக் கோம்பைத்தொழு, தன் பெயரிலேயே தொழுவைச் சுமக்கிறது. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு இன்றும் வழிபாட்டிடம். மாட்டுப் பொங்கலன்று மக்கள் திரளுகிறார்கள். வழிபாடு இருப்பதால் அது பிழைத்தது. மலைமேல் உள்ளவற்றுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

நீலகிரித் தோடர்களின் அரைவட்டக் கூரைக் குடில்களை உலகமே அறியும். பிரான்சின் கோஸ், செவென் மலைப்பகுதியை, அதன் மேய்ச்சல் பண்பாட்டுக்காகவே 2011-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றது. நம் தொல்லியல் சட்டங்களோ கோயில், கோட்டை, கல்வெட்டு என்பவற்றைச் சுற்றியே சுழல்கின்றன. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு நூறாண்டுப் பழைமை தேவை. கட்டிய ஆண்டு பொறிக்கப்படாத, ஆண்டுதோறும் சரிந்த கல்லை எடுத்து மீண்டும் அடுக்கும் சுவரின் வயதை எப்படி மெய்ப்பிப்பது?

ஆனால், தொல்லியல் சட்டம் காணத் தவறியதை வேறொரு சட்டம் கண்டிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மேய்ச்சலையும் பருவந்தோறும் இடம்பெயரும் மேய்ப்போரின் பயன்பாட்டையும் சமூக உரிமையாக ஏற்கிறது. பழங்குடியல்லாதோர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், வனத்தைச் சார்ந்து அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பத்திரமோ பட்டாவோ இல்லாதவர் எதைக் காட்டுவார்? 2007-ஆம் ஆண்டு விதிகள், மரபான மேய்ச்சல் நிலங்களையும், ஊர்ச்சமூகம் எழுப்பிய கட்டுமானங்களின் எச்சங்களையும் சமூக உரிமைக்கான சான்றுகளாகக் குறிப்பிடுகின்றன. பாழடைந்த தொழுவின் சுவர், சட்டத்தின் கண்ணில் ஒரு சாட்சி!

வனத்துறையின் அச்சம் பொருளற்றதன்று. வைகையின் நீர்ப்பிடிப்பு இம்மலைகளில்தான். வளர்ப்பு மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்கு நோய் பரவலாம்; கோடையில் தீயின் ஆபத்து என்னவென்பதை 2018 மார்ச்சில் குரங்கணி காட்டியது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அதே மாதத்தில் அதனைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் சுருக்கியது. 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தபின் எஞ்சிய மேய்ச்சல் பரப்பு எவ்வளவு என்ற கேள்வி அதனால் கூர்மையடைகிறது. எங்கும் மேயலாம் என்பதும், எங்கும் மேயக்கூடாது என்பதும் ஒருசேரத் தவறு என்பது என் கருத்து. எங்கே, எத்தனை மாடு, எந்த மாதம் என்று வரையறுப்பதே வழி. அந்த வரையறைக்குப் பழைய தொழுக்களின் இருப்பிடம்தான் நம்பகமான வரைபடம். முன்னோர் நீரும் புல்லும் பார்த்தே இடம் தேர்ந்தனர்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தேனி மாவட்டக் கல்லூரிகளின் வரலாறு, புவியியல் துறை மாணவர்கள், வனத்துறை அனுமதியுடன், மேய்ப்பரையும் உடனழைத்து, ஒவ்வொரு தொழுவின் அளவையும் இருப்பிடத்தையும் படத்தையும் பதிவு செய்து கிராம சபையிடம் ஒப்படைக்கலாம். மாடு இல்லாத தொழுவை வேலியிட்டுக் காப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பதிவையாவது முதலில் செய்துவிடலாம்.

திரும்பும்போது பெரியவர் சரிந்து கிடந்த இரண்டு கற்களை எடுத்துச் சுவரின் மேல் வைத்தார். மாடு இல்லாத தொழுவுக்கு எதற்கு என்று கேட்டேன். "கை பழகிப் போச்சு சார்" என்றார்.