மலையகத்தை எட்டும் நூலகம்

இலங்கையில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. நுவரெலியாவில் மாநகர சபையும் ஹட்டனில் நகர சபையும் அவற்றை நடத்துகின்றன. தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு லயத்துப் பிள்ளை அங்கே போய்வர பஸ் காசு வேண்டும், அரை நாளும் வேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்க்கு அதற்கெல்லாம் பொழுதே இராது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் காணிகளில் சபை நிதியைச் செலவிடப் பெருந்தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டத்து வாசிகசாலைகள் பலவும் இளைஞர்கள் கைக்காசு போட்டு நடத்தியவை என்பதை மறந்துவிடக் கூடாது.

கணினி நூலகத்துக்குள் முதலில் நுழைந்தது பட்டியல் வேலைக்காக. அட்டைகளைப் புரட்டித் தேடிய நூலைத் தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ ஒரு சொல்லைத் தட்டியே கண்டுபிடிக்க முடிந்தது. நியூசிலாந்தின் சிற்றூர் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா' மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. வருமானம் குறைந்த சபைக்கும் அது எட்டும். ஆனால், தமிழ் நூல்களுக்கு முதலில் எழுத்துருச் சிக்கல் தீர வேண்டியிருந்தது. இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சிய 'பாமினி' எழுத்துருவில் தட்டியதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாது. யுனிகோட் பரவிய பிறகே தமிழ்ப் பட்டியல் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது.

அடுத்து வந்தது இணையம். அரசின் 'நெனசல' நிலையங்கள் கிராமங்களில் கணினியையும் இணையத்தையும் பொதுவில் வைத்தன. அத்திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருதைப் பெற்றது. பின்னர் கைத்தொலைபேசி அந்த வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆயினும் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு மாறியபோது, வீட்டுக்கு ஒரு போன் போதாது என்பதும், மலை மடிப்புகளில் சிக்னல் கிடைக்காது என்பதும் தெளிவாயின. நூலகத்தின் பொதுக் கணினிக்கு இன்னும் தேவை இருக்கிறது.

மலையகத்துக்கு இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது எண்ணிம நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. ஒரே பிரதி ஒரே கட்டடத்தில் இருப்பதன் ஆபத்தை அந்த இழப்பு காட்டியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் வருடிப் பக்கம் பக்கமாகப் படமாக்கி, ஒவ்வொன்றுக்கும் நூலக எண் கொடுத்து, இணையத்தில் இலவசமாக வைக்கிறது. மலையக எழுத்துகளும் அதில் உள்ளன. சிறு அச்சகங்களில் சில நூறு பிரதிகளாக வெளிவந்து, ஈரக்காற்றிலும் கறையானிலும் அழியக்கூடிய நூல்களுக்கு இது மறுபிறப்பு. தோட்டத்து மாணவி தன் மக்களின் வரலாற்றைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. படமாக்கிய பக்கங்கள் கனமானவை. அவற்றைத் தரவிறக்க டேட்டா செலவாகும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள், மங்கிய பழைய தமிழ் அச்சில் தடுமாறுகிறது. நூலின் உள்ளே தேட வேண்டுமானால் ஒருவர் இருந்து திருத்தத்தான் வேண்டும். பதிப்புரிமையும் குறுக்கே நிற்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். மலையக எழுத்தாளர்களுள், 1947இல் மறைந்த கோ. நடேசய்யரின் எழுத்துகள் இன்று பொதுச்சொத்து. 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்களுக்கு 2054 வரை உரிமையாளரின் அனுமதி தேவை.