கரன்ட் தரும் பெஸ்ட், ஃபைபரும் தர முடியுமா?

மாட்டுங்கா ஃபிளாட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் வேணும்னா, எந்த கம்பெனி என்று முடிவு செய்தால் போதும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியில் அது அவ்வளவு சுலபமில்லை. ஆள் நுழையவே சிரமமான சந்துகள். கேபிள் இழுக்கச் செலவு அதிகம், வருமானம் குறைவு என்று தனியார் கணக்குப் போடுவாங்க. ஆனா ரெண்டு இடத்திலும் கரன்ட் தருவது பெஸ்ட்தான்.

பெஸ்ட் என்றதும் நமக்குச் சிவப்பு பஸ்தான் ஞாபகம் வரும். 1947-ல் மாநகராட்சி அதை வாங்கியபோது மின்விநியோகமும் சேர்ந்தே வந்தது. இன்றும் கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை வீடுகளுக்கு மின்சாரம் தருவது அதுதான். (செம்பூர்க்காரங்க பெஸ்ட் பஸ்ஸில் போனாலும் கரன்ட் பில் தனியாருக்குத்தான் கட்டுறாங்க.)

மின்வாரியத்தோடு சேர்ந்து இன்டர்நெட் தருவது புதுசில்லை. கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கியது. மின்வாரியக் கம்பங்கள் வழியாகவே ஃபைபர் போனது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது தொகுதிக்கு 100 வீடுதான். அறிவிப்பு ஓடும் வேகத்தில் கேபிள் ஓடாது.

மும்பையில் இன்னொரு சிக்கல். பெஸ்ட்டின் மின்கேபிள்கள் பெரும்பாலும் தரைக்கடியில். கம்பத்தில் கட்டிவிட முடியாது, ரோட்டைத் தோண்டணும். அனுமதி தருவது மாநகராட்சி. அதே மாநகராட்சி 2023 முதல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலைகளை கான்கிரீட்டாக மாற்றுகிறது. கான்கிரீட் போடும்போதே காலிக் குழாய் பதித்தால் செலவு கொஞ்சம்தான். போட்ட பிறகு உடைத்தால் பல மடங்கு.

சரி, அரசு நடத்தினால் உருப்படுமா? மும்பைக்கும் டெல்லிக்குமாக 1986-ல் தொடங்கிய எம்டிஎன்எல்லின் கடன் இப்போது 30,000 கோடி ரூபாய்க்கு மேல். பெஸ்ட்டும் நஷ்டத்தில், மாநகராட்சி மானியத்தில்தான் ஓடுகிறது. அதனால் இன்டர்நெட் விற்கும் வேலையே வேண்டாம் என்பது நியாயமான வாதம்.

அதற்கும் வழி உண்டு. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரம் 1994-ல் ஸ்டோகாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. ஃபைபர் நகரத்துக்குச் சொந்தம். வாடகைக்கு எடுத்து இன்டர்நெட் விற்பது தனியார். மும்பைக்கு இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. லோக்கல் கேபிள்காரரும் வாடகைக்கு எடுத்து தாராவிச் சந்துக்குள் கொண்டுபோகலாம்.

அந்தச் சந்துகளே இன்னும் எத்தனை நாள் இருக்கும்? தாராவி மறுசீரமைப்பு நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம். புதுக் கட்டடங்களுக்குப் போகும் குழாய் யாருக்குச் சொந்தம், அதில் எத்தனை கம்பெனி நுழையலாம் என்பதை அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.